பாணந்துறைக் குரங்கும் நிலாவெளி ப்ரீசரும்

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் மீனும் ஐஸ்கிறீமும் விற்கும் சின்னக் கடை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2025 பெப்ரவரியில் முழுத்தீவும் இருண்டபோது, பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்றார்களே, அதை வைத்துக் கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டிருக்கிறீர்கள், அதில் பிழையில்லை. ‘பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்ததற்கு இங்கே என் ப்ரீசர் ஏன் நிற்க வேண்டும்? சம்பூரில் சோலார் வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமா? காற்றும் மழையும் இல்லாத இரவில்கூடக் கரண்ட் போகிறதே, அது எதனால்?’ பார்க்க மூன்று கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: என் கடைக்கு வரும் கரண்ட் எங்கிருந்து, எந்த வழியாக வருகிறது, அந்த வழியில் எங்கெங்கே அது அறுந்துபோகலாம்?

நான் மின்விநியோகப் பக்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். 33 ஆயிரம் வோல்ட் லைனும் அதற்குக் கீழே வருவதும் எனக்குக் கைப்பழக்கம். அதற்கு மேலே இருக்கிற பெரிய மின்நிலையங்களும், முழுத்தீவையும் ஒரே திரையில் பார்க்கிற கட்டுப்பாட்டு அறையும் படித்தும் அந்தப் பக்கத்து ஆட்களோடு கதைத்தும் தெரிந்துகொண்டவை. ஆகவே நிலாவெளி வீதியைப் பற்றி நான் சொல்வதைக் கூடுதலாக நம்பலாம். நுரைச்சோலையைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே கேளுங்கள்.

முதலில் வழியைப் பார்ப்போம். இலங்கையில் மின்சாரம் பிறக்கும் இடங்கள் பெரும்பாலும் நமக்குத் தூரத்தில்தான் இருக்கின்றன. புத்தளம் மாவட்டத்தில் நுரைச்சோலை நிலக்கரி நிலையம், 300 மெகாவாட் இயந்திரம் மூன்று. மலைநாட்டில் லக்சபான, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல போன்ற நீர்மின் நிலையங்கள். கொழும்பை ஒட்டிக் களனிதிஸ்ஸ, கெரவலப்பிட்டிய எண்ணெய் நிலையங்கள். மன்னாரில் காற்றாலைகள். அதோடு தீவு முழுக்கக் கூரைகளில் சோலார் தட்டுகள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொத்மலையிலும் விக்டோரியாவிலும் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வரும் மகாவலித் தண்ணீர் கடைசியில் கடலில் விழுவது நம்முடைய கொட்டியாரக்குடாவில். தண்ணீர் ஆற்று வழியே வந்து சேர்கிறது. அது கொடுத்த கரண்ட் வேறு வழியால் சுற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் சுற்றுவழி இதுதான். நுரைச்சோலையிலிருந்து புறப்படும் 220 கிலோவோல்ட் லைன்களில் ஒன்று அனுராதபுரத்துக்கு வருகிறது. அங்கே 132 கிலோவோல்ட்டாக இறக்கி, ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் காடும் வயலும் கடந்து, உயரமான இரும்புக் கோபுரங்களின் மேல் திருகோணமலை கிரிட் உபநிலையத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கிரிட் என்பது தீவு முழுக்கப் பின்னிய மின்வலை. இந்த வோல்ட்டேஜ் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 30 மெகாவாட்டை 132 கிலோவோல்ட்டில் அனுப்பினால் ஒவ்வொரு கம்பியிலும் ஓடுவது சுமார் 130 அம்பியர். அதையே 33 கிலோவோல்ட்டில் அனுப்பினால் 525 அம்பியர், அதாவது நான்கு மடங்கு. கம்பி சூடேறி வீணாகும் சக்தி அம்பியரின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் நட்டம் நான்கு மடங்கல்ல, பதினாறு மடங்கு. வீட்டுக்கு வரும் வோல்ட்டேஜிலேயே அனுப்பப் பார்த்தால் 43 ஆயிரம் அம்பியருக்கு மேல் போகும், அதைத் தாங்க யாராலும் கம்பி இழுக்க முடியாது. அதனால்தான் பிறந்த இடத்தில் ஏற்றி, உங்கள் தெருமுனையில் இறக்குகிறோம். கிரிட் உபநிலையத்தில் 33 கிலோவோல்ட்டாக இறங்கி, உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று வீதியோரக் கம்பங்களில் ஓடி, ஊர் ட்ரான்ஸ்போமரில் 400 வோல்ட் மூன்று பேஸாக மாறி, அதில் ஒரு பேஸும் நியூட்ரலும் உங்கள் கடை மீற்றருக்கு வருகின்றன. அதுதான் 230 வோல்ட்.

சரி, குரங்குக்கு வருவோம். மேலே சொன்ன மின்நிலையங்களில் சுழலும் பெரிய இயந்திரங்கள் எல்லாம், எந்த மூலையில் இருந்தாலும், மின்சாரத்தால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. எல்லாமே விநாடிக்கு 50 அலை என்ற ஒரே தாளத்தில் சுழல்கின்றன. நுரைச்சோலையின் நீராவி இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், நீர்மின் இயந்திரம் சில நூறு சுற்றுத்தான் சுற்றும். ஆனாலும் வெளியே கொடுக்கும் அலை இரண்டிலும் 50. இந்த நிமிடம் தீவு முழுக்க எவ்வளவு கரண்ட் எரிகிறதோ அவ்வளவும் இந்த நிமிடமே உண்டாக்கப்பட வேண்டும். சேர்த்து வைத்துக் கொடுக்கும் ஏற்பாடு நம் நாட்டில் இதுவரை பெரிதாக இல்லை. உற்பத்தி திடீரென்று குறைந்தால் மிச்சமிருக்கும் இயந்திரங்கள் இழுக்கமாட்டாமல் வேகம் குறையும், 50 என்பது 49.5 ஆகும், 49 ஆகும். 49-ஐயும் விட்டு இறங்கினால், அங்கங்கே உபநிலையங்களில் உள்ள ரிலேக்கள் யாரையும் கேட்காமல் ஊர் ஊராக வெட்டிவிடும். நம் வீதியும் அதில் ஒன்றாக இருக்கலாம். பாணந்துறைக்கும் நிலாவெளிக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. இரண்டு ஊரும் ஒரே சுழற்சியில்தான் தொங்குகின்றன.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குச் சற்று முன்பு முழுத்தீவும் இருண்டது. பாணந்துறை கிரிட் உபநிலையத்தில் குரங்கு பட்டதால் என்று அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. இதில் நிச்சயமான பகுதியும் இருக்கிறது, வாதத்துக்குரிய பகுதியும் இருக்கிறது. கோளாறு பாணந்துறையில் தொடங்கியது, நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன, அடுத்த நாட்களில் நாடு முழுக்க ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தது. இவை நிச்சயம். ‘குரங்குதான் காரணம்’ என்பதில்தான் எனக்கு ஒப்புதலில்லை. மிருகமோ கொப்போ கம்பியில் படுவது எந்த மின்வலையிலும் அன்றாடம் நடப்பது. நமக்கும் குரங்குக்குப் பஞ்சமில்லை, கோணேசர் கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட கோளாறை அந்தந்த இடத்து பிரேக்கர் விநாடியின் சின்னப் பங்கிலேயே வெட்டி ஒதுக்கிவிட வேண்டும், மிச்ச வலை அசையாமல் நிற்க வேண்டும். அன்றைக்கு நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதே உண்மையான கேள்வி.

மின்சார சபை பிறகு கொடுத்த விளக்கத்தின் சாரம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு. நல்ல வெயில் என்பதால் சோலார் அதிகம். எனவே சுழலும் கனமான இயந்திரங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. செங்கல் ஏற்றிய லொறியின் எஞ்சின் நின்றாலும் அது கொஞ்சத் தூரம் உருண்டுவிட்டுத்தான் நிற்கும், சைக்கிளை மிதிக்காமல் விட்டால் சீக்கிரம் நின்றுவிடும். நூற்றுக்கணக்கான தொன் இரும்பு சுழலும்போது அந்த உருளும் பலம் கிரிட்டுக்கு இருக்கும், பிரேக்கரும் நீர்மின் நிலையமும் சுதாரிக்கச் சில விநாடிகள் கிடைக்கும். சோலார் தட்டில் சுழல ஒன்றுமில்லை. தவிர, வோல்ட்டேஜோ அலையோ எல்லை தாண்டினால், சோலார் தட்டின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர்கள் தாங்களும் விலகிக்கொள்ளும், சரிவு இன்னும் வேகமாகும். அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் அதை நிறுத்திவைக்கும்படி கேட்டது நினைவிருக்கும். வெயிலை வேண்டாம் என்று சொல்லும் விசித்திரம் என்று பலர் திட்டினார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் ஆட்களிடம் கெஞ்சிக் கேட்டுச் சமாளிக்கிற நிலைக்கு அதை விட்டது திட்டமிடுதலில் உள்ள குறை என்பது என் அபிப்பிராயம். பழியைச் சோலாரின் தலையில் மட்டும் போடவும் முடியாது. 2016 மார்ச்சிலும், 2020 ஆகஸ்டிலும், 2021, 2023 டிசம்பர்களிலும் தீவு முழுக்கக் கரண்ட் போனது. 2020இல் தொடங்கிய இடம் கெரவலப்பிட்டிய. அப்போது கூரைகளில் இவ்வளவு சோலார் கிடையாது. சின்னத் தீவு, தனி வலை, பக்கத்து நாட்டிலிருந்து கைகொடுக்க ஒரு கம்பி இல்லை, அதில் 300 மெகாவாட் ஒரே இயந்திரத்தில். இரவு உச்சத் தேவையே 2,500 மெகாவாட்டை ஒட்டித்தான் என்னும்போது, ஒரு இயந்திரம் போனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

திரும்ப வர ஏன் இவ்வளவு நேரம் என்றும் நீங்கள் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். நிலக்கரி நிலையம் தானே ஓடுவதற்குக் கரண்ட் வேண்டும், தண்ணீர் பம்பும் காற்று விசிறியும் ஓடாமல் அங்கே நீராவி இல்லை. முழு இருட்டிலிருந்து எழும்பக்கூடியவை நீர்மின் நிலையங்கள். மதகைத் திறந்தால் சக்கரம் சுழலும், ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். அதை வைத்து ஒரு லைன், ஒரு ஊர், பிறகு அடுத்தது என்று அளந்து அளந்து சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் நிறைய ஊரைக் கொடுத்தால் திரும்பவும் படுத்துவிடும். கரண்ட் வந்த சந்தோஷத்தில் எல்லா வீட்டு ப்ரிட்ஜும் பேனும் ஒன்றாக இழுக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சம்பூரைப் பற்றி நேரே சொல்கிறேன்: உங்கள் தொல்லை அதனால் தீராது. அங்கே முதலில் வரவிருந்தது இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம், 2016இல் அது கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடக்கிவைத்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகலில் அனுராதபுரத்திலிருந்து இழுக்க வேண்டியது குறையும், எண்ணெய்க்காசு மிஞ்சும். ஆனால் உச்சத் தேவை மாலை ஆறரைக்குத் தொடங்கி இரவு பத்தரை வரை, அப்போது சூரியன் இல்லை. பற்றரி சேர்த்தால் கதை வேறு. இன்னொன்று, சம்பூரில் பிறந்த கரண்ட் என்று ஒரு பெயர் எழுதி உங்களுக்கு வராது. அதுவும் கிரிட்டில்தான் கலக்கும், கிரிட் படுத்தால் அதுவும் நிற்கும். உங்கள் பக்கத்து ஹோட்டலின் கூரையில் சோலார் இருந்தும் தீவு இருண்ட அன்றைக்கு அவர்களும் ஜெனரேட்டர் போட்டார்களே, காரணம் இதுதான். கிரிட் செத்தால் சாதாரண சோலார் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனைக் கூரையிலிருந்து வரும் கரண்ட் அடித்துவிடும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் இதுதான், உங்கள் ப்ரீசர் நிற்கும் நேரங்களில் பெரும்பங்கும் இங்கேதான் இருக்கிறது. நாடு முழுக்க இருள்வது சில வருடத்துக்கு ஒருமுறை. நிலாவெளி வீதி இருள்வதற்கு நுரைச்சோலையில் ஒன்றும் நடக்கத் தேவையில்லை.

கடற்கரை ஊர்களில் எனக்கு மிகப் பெரிய எதிரி உப்பு. மழையில்லாத மாதங்களில் பிற்பகல் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து பீங்கான் இன்சுலேட்டரில் பூசும், கச்சான் காற்று அதன்மேல் புழுதியை ஒட்டும். கழற்றி இறக்கிய பீங்கானை விரலால் தடவினால் நரநரவென்று சாம்பல் நிறத்தில் ஒட்டும், நாக்கில் வைத்துப் பார்க்காமலே உப்பென்று தெரியும். காய்ந்திருக்கும்வரை பிரச்சினையில்லை. விடியப்புறம் பனி இறங்கும்போதோ இலேசான தூறல் விழும்போதோ அந்தப் படை நனைந்து கரண்டுக்கு வழிவிடும். கம்பத்தடியில் நின்றால் ‘சுர்ர்’ என்ற சத்தம் கேட்கும், நல்ல இருட்டில் பீங்கானின் விளிம்பில் ஊதா மினுக்கம் ஓடும். கொஞ்ச நேரத்தில் பளீரென்று ஒரு வெளிச்சம், லைன் ட்ரிப். அடைமழை வந்தால் இந்தத் தொல்லை குறையும், உப்பைக் கழுவிவிடும். ஆகவே ‘பெருமழைக்குப் போகாத கரண்ட் தூறலுக்குப் போகிறது’ என்று ஊரில் பகிடியாகச் சொல்வது பகிடியில்லை, அப்படித்தான். காற்றும் மழையும் இல்லாத உங்கள் இரவுகளில் ஒரு பங்கு இதுவாக இருக்கக்கூடும். உங்கள் கம்பத்தைப் பார்க்காமல் அதற்கு மேல் அடித்துச் சொல்ல முடியாது. காகம், மரநாய், பனையோலை, பழைய ஜொயின்ற் எல்லாம் அதே வேலையைச் செய்யும்.

எது எங்கே பிழைத்தது என்று நீங்கள் கடை வாசலில் நின்றே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கரண்ட் போய், சில விநாடியில் வந்து, மறுபடி போய் வந்து, பிறகு ஒரேயடியாகப் போனால் அது 33 கிலோவோல்ட் லைன். அங்கே ஒரு ரீகுளோசர் இருக்கிறது. கொப்பு பட்டு விழுந்திருக்கலாம் என்று நினைத்து அது இரண்டு மூன்று தரம் தானாகப் போட்டுப் பார்க்கும், தடை இன்னும் இருந்தால் பூட்டிக்கொள்ளும். இதற்கு ஆள் வந்து லைன் நெடுகப் பார்க்க வேண்டும், நேரமாகும். உங்கள் ஊர் மட்டும் இருண்டு, அடுத்த ட்ரான்ஸ்போமர் ஆட்களுக்கு வெளிச்சம் இருந்தால், ட்ரான்ஸ்போமருக்கு மேலே தொங்கும் டி.டி.எல்.ஓ. பியூஸ் விழுந்திருக்கலாம். நிமிர்ந்து பார்த்தால் மூன்று குழாயில் ஒன்று கீழே தொங்கிக்கொண்டு நிற்பது தெரியும், நீளத்தடியால் அதைத் திரும்பத் தூக்கிக் கொழுவுவார்கள். தெருவில் உங்களுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்கு இருக்கிறது, அதற்கடுத்த இரண்டு வீடு தள்ளி மறுபடி இல்லை என்றால் ஒரு பேஸ் மட்டும் போயிருக்கிறது. ட்ரான்ஸ்போமரடி பியூஸ் கட்டையில் ஒன்று எரிந்திருப்பதுதான் அநேகமாகக் காரணம். உங்கள் கடை மட்டும் என்றால், முதலில் உங்கள் ட்ரிப் சுவிட்சைப் பாருங்கள். மீன் கடையில் ஈரத்துக்கு அது விழுவது சகஜம்.

இதில் ஒன்றைமட்டும் பொறுத்திருந்து பார்க்கக்கூடாது. ஒரு லைட் மங்கி எரிகிறது, பக்கத்து வீட்டில் லைட் கண்ணைக் கூசுகிற மாதிரி எரிகிறது, பேன் தாறுமாறாகச் சுற்றுகிறது என்றால் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது. அப்போது சில வீட்டுக்கு 230க்குப் பதிலாக 300, 350 என்றுகூட வரும். உடனே மெயின் சுவிட்சை விழுத்துங்கள், பக்கத்து ஆட்களுக்கும் சொல்லுங்கள், பிறகு போன் எடுங்கள். ஒரு பின்னேரத்தில் ஒரு ஒழுங்கை முழுக்க ரீவியும் ப்ரிட்ஜும் கருகிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் வீட்டுக்காரர் பக்கத்து ஆட்களிடம் ஒரு சத்தம் போட்டிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

கரண்ட் போவதைவிட, குறைந்து வருவதே ப்ரீசருக்குக் கெடுதல். விதிப்படி 230இலிருந்து ஆறு சதவீதம் கூடலாம், குறையலாம், அதாவது 216இலிருந்து 244 வரை. உங்கள் கடை ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், லைன் முடியும் இடத்தில் இருந்தால் இரவு ஏழரைக்கு அது 190க்கு இறங்கக்கூடும். கொம்பிரசர் கிளம்பமாட்டாமல் முனகி முனகிச் சூடேறும். அதே இடத்தில் பக்கத்துக் கூரைகளில் சோலார் நிறைய இருந்தால் நடுப்பகலில் 245ஐத் தாண்டவும் செய்யும். ஒரு மல்ற்றிமீற்றர் வாங்கி, பழக்கப்பட்ட ஒரு எலக்ட்ரீசியனைக் கொண்டு பகல் ஒருமணிக்கும் இரவு எட்டுமணிக்கும் சில நாள் அளந்து எழுதி வையுங்கள். ‘கரண்ட் சரியில்லை’ என்று போய் நிற்பதற்கும், திகதியும் நேரமும் வோல்ட்டும் எழுதிய கடதாசியோடு போய் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பின்னதைத் தட்டிக்கழிப்பது கடினம். ட்ரான்ஸ்போமரை மாற்றவோ லைனைப் பிரிக்கவோ வேண்டுமா என்று அந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள்.

ப்ரீசருக்கு வோல்ட்டேஜ் கார்ட் ஒன்று போடுங்கள், கரண்ட் வந்தவுடன் கொடுக்காமல் மூன்று நான்கு நிமிடம் தாமதித்துக் கொடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள். நிறைந்த ப்ரீசர் ஒரு முழு இரவைத் தாராளமாகத் தாங்கும், பாதி நிறைந்தது அவ்வளவு தாங்காது, இடைவெளியில் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து அடுக்கிவிடலாம். முறைப்பாடு சொல்லும்போது ‘நிலாவெளியில் கரண்ட் இல்லை’ என்று மட்டும் சொல்லாமல், உங்கள் மின்கட்டணப் பட்டியலின் கணக்கு இலக்கத்தையும் ட்ரான்ஸ்போமர் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரவில் வரும் வேலையாட்கள் இருட்டில் கம்பம் தேடும் நேரமாவது மிஞ்சும்.